அம்மா கடைசிவரை அம்மாவாகத்தான் இருந்தாள்

கடைசிக் காலத்தில் பெற்றவர்களைப் பிள்ளைகள் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். அந்த நேரத்திலும் பெற்றவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். எலும்புவரை பரவிவிட்டது என்று தெரிந்ததிலிருந்து அவள் போகும்வரை கூடவே இருந்தேன். நாம் செய்வதை அவர்கள் நிம்மதியாக வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால், அவர்களும் நமக்கு ஏதாவது செய்ய இடம் விட்டு வைக்க வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் புரிந்தது. மருந்து, பணம், கூடப் பிறந்தவர்களோடு வரும் மனத்தாங்கல் என்று எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் நான் இங்கேதான் வந்து நிற்கிறேன்.

நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் வீட்டில் ஒரு நடிப்பு ஆரம்பமாகிறது. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்" என்று பிள்ளைகள் தனியாகக் கூடிப் பேசுவோம். பிள்ளைகள் பயந்துவிடுவார்களே என்று அம்மாவும் தெரிந்ததைத் தெரியாத மாதிரி காட்டிக்கொள்வாள். 1960களில் அமெரிக்க மருத்துவமனைகளில் சாகும் தறுவாயில் இருந்தவர்களைப் பக்கத்திலிருந்து ஆராய்ந்த சமூகவியலாளர்கள் பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும், இப்படி இரண்டு தரப்பும் தெரிந்தே நடிப்பதை ஒரு தனி நிலையாகவே குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அதை உடைத்தது அம்மாதான். ஸ்கேன் முடிவு வந்து இரண்டு நாள் கழித்து, ராத்திரி மாத்திரைகளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டு என்னடி சொன்னார்? என்கிட்ட சொன்னதைத்தானே?"

"உன்கிட்ட என்னம்மா சொன்னார்?"

"இனிமே குணமாகாதுன்னு. நான்தான் விடாம கேட்டேன். இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் ரெண்டு நாளா யோசனை."

அவளுக்கு எப்படிச் சொல்வது என்று நான் தவித்த அதே இரண்டு நாளும் அவள் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அழுதோம். அப்புறம் பேச முடிந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒளிப்பதற்கு எதுவும் இல்லை என்பதே பெரிய பலமாக இருந்தது.

எல்லா அம்மா அப்பாவும் இப்படிக் கேட்டுவிட மாட்டார்கள். தெரிந்துகொள்ள வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு, அது அவர்களுடைய உரிமை. அதனால் நாமாகப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிடுவதும் தப்பு, வாயே திறக்காமல் இருப்பதும் தப்பு. "உன் உடம்பைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?" என்று முதலில் கேட்கலாம். "டாக்டர் சொல்றதையெல்லாம் உனக்குச் சொல்லட்டுமா, இல்லை நான் மட்டும் கேட்டுக்கட்டுமா?" என்றும் கேட்கலாம். அவர்கள் எந்த இடத்தில் நிறுத்துகிறார்களோ அங்கே நாமும் நிறுத்திக்கொள்ளலாம். டாக்டரிடம் "இன்னும் எத்தனை நாள்?" என்று கேட்டால் பெரும்பாலும் மழுப்பலான பதில்தான் வரும். யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது என்பதுதான் காரணம். "வருஷக் கணக்கா, மாசக் கணக்கா, வாரக் கணக்கா?" என்று கேளுங்கள், பதில் கிடைக்கும். "அடுத்து என்னென்ன தொந்தரவு வரும், அதற்கு இப்போதே என்ன வாங்கி வைக்க வேண்டும்?" என்பது அதைவிடவும் உபயோகமான கேள்வி.

உண்மை பேசப்பட்டுவிட்டால் அடுத்து, முடிவெடுப்பது யார் என்ற விஷயம். தன்னால் பேச முடியாமல் போனால் தனக்காகப் பேச வேண்டியவர் யார், வென்டிலேட்டர் வேண்டுமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி சிபிஆர் செய்ய வேண்டுமா, கடைசியாக எங்கே இருக்க ஆசை. இதையெல்லாம் நினைவு தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். எழுதியது சட்டப்படி செல்லுபடியாக சாட்சி, கையெழுத்து என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு முறை இருக்கிறது, அதை விசாரித்துச் செய்யுங்கள். சிபிஆர் பற்றிப் பலருக்கும் சினிமாவில் பார்த்த எண்ணம்தான் இருக்கிறது. புற்றுநோய் முற்றிய உடலில் அது பலிப்பது மிக மிக அரிது, விலா எலும்பு முறிவது சகஜம். டாக்டர் இதை அம்மாவுக்கு விளக்கியபோது "எனக்கு அது வேண்டாம்" என்று சட்டென்று சொல்லிவிட்டாள். அவள் வாயால் சொல்லிக் கேட்டது பின்னால் எனக்கு எவ்வளவு துணையாக இருந்தது என்று சொல்லி மாளாது.

அவளால் பேச முடியாத கட்டத்தில் "நான் என்ன செய்யட்டும்?" என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன். "அம்மா இப்போது பேசினால் என்ன சொல்வாள்?" என்பதுதான் எங்கள் கேள்வி. அதற்கு எங்களிடம் பதில் இருந்தது.

தம்பி கடல் தாண்டி இருக்கிறான். தூரத்தில் இருக்கும் பிள்ளை கடைசி நேரத்தில் ஓடி வந்து, "ஏன் இன்னொரு கீமோ கொடுக்கவில்லை, ஏன் ஐசியூவில் சேர்க்கவில்லை" என்று கேட்பது உலகம் முழுக்க நடப்பதுதான். டாக்டர்கள் இதற்கு 'கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மகள்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள், 1991இல் ஒரு முதியோர் மருத்துவ இதழில் கட்டுரையும் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் இருப்பது பாசம்தான், கூட இருக்க முடியவில்லையே என்ற தவிப்புதான். பக்கத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு அந்த நேரத்தில் அப்படித் தெரியாது. அவர்களுக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். தம்பியும் அப்படித்தான் ஆரம்பித்தான். நான் பதில் சொல்வதற்குள் அம்மா கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டாள்.

"டேய், அக்கா எதையும் முடிவு பண்ணலை. எல்லாம் நான் பண்ணினது. அவ நான் சொன்னதைச் செய்யறா, அவ்வளவுதான். கோபம்னா என்கிட்ட கேளு."

தம்பி அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து எங்களுக்குள் ஒரு பேச்சும் தடிக்கவில்லை. சாகப் போகிற ஒரு பெற்றவர் தன் பிள்ளைகளுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியவில்லை. முடிவைத் தானே எடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கிற மாதிரி ஒரே வார்த்தையாகச் சொல்லிவிடுவது. இதைப் படிக்கிற பெற்றவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளையிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லாதீர்கள், எல்லாரையும் வைத்துச் சொல்லுங்கள்.

தூரத்தில் இருப்பவருக்கும் வேலை கொடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கடிதங்கள், மருத்துவமனை பில்களைச் சரிபார்ப்பது, உறவினர்களின் விசாரிப்புகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் தம்பி பொறுப்பு. இந்தக் கடைசி வேலை சின்னதாகத் தோன்றும். ஒரே கதையை ஒரு நாளில் பத்துப் பேருக்குச் சொல்லிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அலுப்பு தெரியும். அவனுக்குப் பகலாக இருக்கும் நேரம் எங்களுக்கு நடு ராத்திரி. அம்மாவுக்குத் தூக்கம் வராத ராத்திரிகளில் வீடியோ காலில் அவன் பேசிக்கொண்டிருப்பான், பக்கத்துக் கட்டிலில் நான் தூங்குவேன்.

இனி சிகிச்சை. பாலியேட்டிவ் கேர், அதாவது நோய்த்தணிப்புச் சிகிச்சை என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறோம். அந்த எண்ணத்தால் பலர் அதைத் தேடிப் போகும்போது காலம் கடந்துவிடுகிறது. பாஸ்டனில் நுரையீரல் புற்றுநோய் பரவிய 151 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் கேரும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசிக் கட்டத்தில் பலனில்லாத தீவிர சிகிச்சைகளும் குறைவு. அவர்கள் கூடுதலாக வாழவும் செய்தார்கள். இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேராவது தாண்டி வாழ்ந்த காலம், அவர்களுக்கு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். எங்கள் டாக்டர் இதைச் சொன்ன பிறகுதான் தம்பிக்கு மனம் சமாதானமானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் 5.68 கோடிப் பேருக்கு இந்தச் சிகிச்சை தேவைப்படுகிறது, தேவைப்படுபவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்குத்தான் கிடைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. வலியோடு சாக வேண்டிய அவசியமே இல்லாத எத்தனை பேர்!

லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு சமூக சேவகர், அதற்கும் பிறகு டாக்டருக்குப் படித்தவர். வலி உடம்பில் மட்டும் இருப்பதில்லை, மனக்கவலை, குடும்பம், பணம், நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் ஒருவருடைய வலி என்பது அவர் கருத்து. அதை நான் நேரில் பார்த்தேன். தம்பியும் நானும் சரியாகப் பேசிக்கொள்ளாத நாட்களில் அம்மாவுக்கு இடுப்பு வலி கூடும்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்ற மருந்து பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பயம் அதிகம் இருக்கிற இடம் அது. முறையாக அளவு கூட்டிக்கொண்டு போனால் அது ஆயுளைக் குறைப்பதில்லை. வலிக்காகச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று இந்தக் கட்டத்தில் கவலைப்பட வேண்டியதில்லை. வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, டாக்டர் சொன்ன இடைவெளியில், அம்மாவுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பதுதான் முக்கியம். நடுவில் வலி கிளம்பினால் கொடுக்க ஒரு கூடுதல் அளவையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் இருக்கும், சில நாளில் குறைந்துவிடும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்கான மருந்தை முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுத்த நேரம், அளவு, வலி எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதினோம். அந்த நோட்டை எழுதியது அம்மா. கை நடுங்கி எழுத்து கோணிப் போன பிறகும் அவள்தான் எழுதினாள். டாக்டர் வந்ததும் நோட்டை எடுத்து நீட்டி, மாணவி வீட்டுப்பாடம் காட்டுவதுபோல நிமிர்ந்து உட்காருவாள். தன் வலிக்குத் தானே கணக்கு வைத்திருந்ததில் அவளுக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது.

மூச்சுத் திணறலுக்கு ஒரு சின்ன பேட்டரி விசிறி பெரிய உதவி. மூக்கிலும் கன்னத்திலும் காற்று படும்போது திணறும் உணர்வு குறைகிறது என்பது ஆய்வுகளில் பார்த்த விஷயம். அதை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். தேவைப்படும்போது அவளே போட்டுக்கொள்வாள், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

சாப்பாடு விஷயத்தில்தான் பிள்ளைகள் மனம் ரொம்பக் கஷ்டப்படும். ஊட்டி வளர்த்தவள் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள் என்றால் யாருக்கும் தாங்காது. கடைசி வாரங்களில் பசி அற்றுப் போவது உடம்பு அடங்குவதன் அடையாளம். சாப்பிடாததால் அவர் சாகவில்லை, உடம்பு அடங்கிக்கொண்டிருப்பதால் சாப்பிட முடியவில்லை. கட்டாயப்படுத்தினால் வாந்தியும் புரையேறுவதும்தான் மிச்சம். கேட்டால் கேட்ட அளவு, ஒரு வாய் என்றால் ஒரு வாய். தண்ணீர் இறங்காதபோது வாயை ஈரமாக வைத்திருப்பதுதான் நாம் செய்யக்கூடியது. சுத்தமான மெல்லிய துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, உதடு, ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு என்று மெதுவாகத் துடைக்க வேண்டும். ரொம்ப உள்ளே போகக் கூடாது, ஓங்கரிக்கும். அப்புறம் உதட்டுக்கென்றே இருக்கும் தைலமோ வாசலினோ கொஞ்சம். நாங்கள் மணிக்கு ஒரு தடவை செய்தோம். துணியைக் கொண்டு போனதும் அம்மா கண்ணை மூடியபடியே உதட்டைப் பிரிப்பாள். ஊட்ட முடியாத குறையை அந்த வேலை ஓரளவு தீர்த்தது.

படுத்த படுக்கையாகிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பு, முதுகின் கீழ்ப்பகுதியைத் தினமும் பாருங்கள். சிவந்து, அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் அது படுக்கைப்புண்ணின் ஆரம்பம். ஆளைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோல் உரியும். அடியில் ஒரு விரிப்பைப் போட்டு இரண்டு பேராக விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்த வேண்டும். ஒரு நர்ஸை வரவழைத்து ஒரு முறை நேரில் செய்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் முதுகும் தப்பிக்கும்.

அம்மா எனக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலையில் என் தலையைப் பார்த்து "என்னடி இது கோலம், சீப்பை எடுத்துட்டு வா" என்றாள். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்குக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்கும். ஒரு இழுப்பு, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு இழுப்பு. "வேண்டாம்மா, கஷ்டப்படாதே" என்பது என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. பின்னல் தளர்ந்து போய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, அன்று முழுக்க அதை அவிழ்க்காமல் இருந்தேன். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த தெம்பு எந்த மருந்துக்கும் வந்ததில்லை. 'பாவம், முடியாது' என்று நாம் அவர்கள் கையிலிருந்து ஒவ்வொரு வேலையாக வாங்கி வைத்துவிடுகிறோம். துணி மடிக்க முடிந்தால் மடிக்கட்டும். உங்கள் கவலையைச் சொல்லி யோசனை கேளுங்கள். எனக்கு வேலையில் ஒரு சிக்கல் வந்தபோது அம்மாவிடம்தான் சொன்னேன். நோயாளியிடம் இதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்று உறவில் ஒருவர் கோபித்துக்கொண்டார். அம்மாவோ அதைப் பற்றி மறுநாளும் விடாமல் விசாரித்தாள்.

பணத்திலும் அப்படித்தான். நான் வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்ததும், தன் சேமிப்பிலிருந்து மாதாமாதம் எனக்கு ஒரு தொகை போகட்டும் என்று தம்பி முன்னிலையில் அம்மா சொன்னாள். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்ளக் காசா என்று மனம் கூசத்தான் செய்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். பார்த்துக்கொள்கிற பிள்ளையின் சம்பளம் நிற்பதை யாரும் பேசாமல் விட்டால், வருஷங்கள் கழித்து அது சொத்துத் தகராறாக வெடிக்கும். அவள் இருக்கும்போதே, எல்லாருக்கும் தெரியப் பேசியது நல்லதாகப் போயிற்று. வங்கிக் கணக்குகள், பாலிசிகள், கடன்கள், போனின் பாஸ்வேர்டு, இன்னும் திருப்பித் தர வேண்டிய கைமாற்று என்று ஒரு பட்டியலையும் சொல்லச் சொல்ல எழுதினேன்.

ஹார்வி சோச்சினோவ் என்ற கனடிய மனநல மருத்துவர், சாகும் தறுவாயில் இருப்பவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டு, அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து, ஒழுங்காக எழுதிக் குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையை உருவாக்கினார். 2005இல் அதன் முடிவுகள் வெளியாயின. பங்கெடுத்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்க்கைக்கு அர்த்தம் கூடியதாக உணர்ந்தார்கள். இதற்கு நிபுணர் வேண்டும் என்பதில்லை, போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு நாமே கேட்கலாம். "எப்போ நீ ரொம்பச் சந்தோஷமா இருந்தே? எதை நினைச்சு உனக்குப் பெருமை? எங்களுக்கு என்ன சொல்லணும்?" அம்மா தம்பியிடம் ஒரு பழைய விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டது அந்தப் பதிவில்தான். அவனுக்கு அது அவள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தது, அவனும் பதில் சொன்னான். இந்த மாதிரிப் பேச்சைத் தள்ளிப் போடாதீர்கள், சக்தி இருக்கும் காலம் நாம் நினைப்பதைவிடச் சின்னது.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பயம் போய்விடும். தூக்கம் கூடிக்கொண்டே போகும். கையும் காலும் குளிர்ந்து, முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு வேகமெடுத்து, தணிந்து, சில விநாடிகள் நின்று, மறுபடி தொடங்கும். 19ஆம் நூற்றாண்டு டப்ளின் மருத்துவர்கள் இருவரின் பெயரால் இதை செய்ன்–ஸ்டோக்ஸ் சுவாசம் என்கிறார்கள். தொண்டையில் களகளவென்று சத்தம் வரும். கேட்கிற நமக்குத்தான் அது வேதனை, நினைவு மங்கிவிட்ட அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். இறந்துபோன சொந்தங்கள் வந்ததாகச் சொல்வார்கள், மறுத்துப் பேச வேண்டாம். அம்மாவும் தன் அம்மாவைப் பார்த்ததாகச் சொன்னாள், பயமில்லாமல் சொன்னாள். பேச்சு நின்ற பிறகும் பேசிக்கொண்டே இருங்கள். வான்கூவரில் நினைவிழந்து கிடந்த ஹாஸ்பிஸ் நோயாளிகளின் மூளை அலைகளை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி மணி நேரங்களிலும் சிலருடைய மூளை ஒலிக்குப் பதில் தந்தது தெரிந்தது.

முன்பே எழுதி வைத்திருந்ததால் கடைசி நேரத்தில் ஆம்புலன்ஸ் எதையும் கூப்பிடவில்லை. பாலியேட்டிவ் கேர் நர்ஸின் நம்பர் மட்டும் போதுமானதாக இருந்தது. பிள்ளைகள் எழுந்து போன நேரம் பார்த்து உயிர் பிரிவதும் நிறைய நடக்கிறது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். அதனால் இரவும் பகலும் அசையாமல் கட்டிலருகே கிடக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. தம்பி வந்து சேர்ந்திருந்தான். முறை வைத்துத் தூங்கினோம்.

மீதமிருந்த மார்ஃபினைக் கணக்கெழுதி, கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பல பாலியேட்டிவ் குழுக்கள் இறப்புக்குப் பிறகும் குடும்பத்தோடு தொடர்பில் இருப்பார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். எனக்குத் தூக்கம் திரும்ப வெகு காலம் ஆனது. தம்பிக்கு துக்கம் தாமதமாகத்தான் வந்தது, அவன் அங்கேயே ஒரு ஆலோசகரைப் போய்ப் பார்த்தான். ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வேலையே செய்ய முடியாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால், உலக சுகாதார நிறுவனம் அதை உதவி தேவைப்படும் நிலையாகவே வகைப்படுத்தியிருக்கிறது. "நான் போனப்புறம் ரெண்டு பேரும் உடம்பைக் காமிச்சுக்கோங்க" என்று அம்மாவும், வங்கிக் கணக்குகளை எழுதிய அந்தப் பட்டியலின் கடைசி வரியில் எழுதச் சொல்லியிருந்தாள். டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டு வந்தோம்.